இன்னொரு கையில் என்ன இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்டம் ஒரு தீப்பந்தத்தால் நின்றுபோனது.

பழைய வண்ணாரப்பேட்டையில் மாமாவின் பாத்திரக் கடைக்கு மேலே ஒரு அறை. மதியம் மூன்று மணி, கீழே எவர்சில்வர் அடுக்கும் சத்தம். நாங்கள் ஆடுவது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டராகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம். நான் கேம் மாஸ்டர், கதையை நடத்தும் ஆள். மற்ற நாலு பேரும் கற்பனையில் ஒரு குகை வாசலில் நிற்கிறார்கள், உள்ளே கும்மிருட்டு. நாலு பேருமே மனிதக் கேரக்டர் எடுத்தவர்கள். இருட்டில் பார்க்கிற எல்ஃப் கண் யாருக்கும் கிடையாது. "பந்தம் யார் கைல?" என்று கேட்டேன்.

காசிமேட்டில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் அண்ணன்தான் ஃபைட்டர், அதாவது போர்வீரர். அவரிடம் கிரேட்ஸ்வார்டு, இரண்டு கையால் பிடிக்கும் பெரிய வாள். "என் ரெண்டு கையும் வாள்லயே கீதுபா" என்றார். நர்ஸ் அக்கா கிளெரிக், மந்திரத்தால் குணமாக்கும் பூசாரி. ஒரு கையில் மேஸ் எனும் தண்டாயுதம், மறு கையில் கேடயம். சிலம்பம் கற்ற தம்பி ரோக், ஒளிந்து தாக்கும் திருடன். கைக்கு ஒரு குட்டை வாள். பெரம்பூரிலிருந்து வரும் சி.ஏ. மாணவி விஸார்ட், அதாவது மந்திரவாதி; ஒரு கையில் கோல், இன்னொரு கை மந்திர முத்திரைக்கு. ஆக நாலு பேர், எட்டுக் கை, ஒரு பந்தம் பிடிக்க ஆளில்லை. வெளிச்சம் தரும் மந்திரத்தை எடுத்திருக்கலாமே என்பீர்கள். நெருப்பு எறிகிற மந்திரம்தான் முக்கியம் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது.

வாக்குவாதத்தில் ஒரு மணி நேரம் போனது. அதுவரை எங்கள் மேசையில் இந்தக் கேள்வி ஒரே மாதிரிதான் வரும்: ஒற்றைக் கை வாளில் டேமேஜ் அதிகமா, இரட்டைக் கை வாளில் அதிகமா? பகடையைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். இன்னொரு கை அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. எனக்கு அது உறைத்தது அன்று ராத்திரிதான். கரண்ட் போன நேரத்தில் இருபது லிட்டர் தண்ணீர் கேனை இரண்டாம் மாடிக்குத் தூக்கினேன், மொபைலை வாயில் கவ்விக்கொண்டு.

அடுத்த மாதம் புதுக் கதை தொடங்குகிறோம். எந்த விதிப் புத்தகத்தை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டும். கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எங்கள் மேசைக்காகப் பார்த்ததுதான். உங்கள் மேசையில் நாலு எல்ஃப் இருந்தால் கணக்கு மாறும்.

பழசிலிருந்து ஆரம்பிக்கிறேன், சீக்கிரம் முடிந்துவிடும். 1974இல் வந்த முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எந்த ஆயுதமாக இருந்தாலும் ஒரே ஆறுமுகப் பகடைதான், சுருக்கமாக டி6. பிச்சுவாவுக்கும் டி6, ஆளுயர வாளுக்கும் டி6. அப்படியிருக்கும்போது இரண்டு கையையும் ஒரே ஆயுதத்துக்குக் கொடுக்க யாருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது? அடுத்த வருஷமே வந்த துணைப் புத்தகம் ஆயுதத்துக்கு ஆயுதம் பகடையை மாற்றியது. 1981இன் பேசிக் பதிப்பு இன்னொரு வழி கண்டுபிடித்தது. இரட்டைக் கை ஆயுதம் வைத்திருப்பவர் அந்தச் சுற்றில் எப்போதும் கடைசியில்தான் அடிப்பார், கேடயமும் கிடையாது. வாளுக்கு டி10 கிடைக்கும், ஆனால் எதிரி முதலில் போட்டுவிடுவான்.

எனக்கு இந்த விதி பிடிக்கும். ஒரே வரியில் சொல்லிவிடலாம், கணக்குத் தெரியாத பிள்ளைக்கும் புரியும். ஆனால் எங்கள் அண்ணனைக் கடைசியில் அடி என்று சொல்லிப் பாருங்கள். ஏலத்தில் மீன் எடுப்பவர்களைப் பார்த்து வளர்ந்தவர். கடைசி ஆளாக நிற்பது அவர் சுபாவத்திலேயே இல்லை. இரண்டு வாரத்தில் வாளைத் தூக்கிப் போட்டுவிடுவார். அதனால் இது வேண்டாம்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பும் 2003இல் வந்த அதன் திருத்தமும் எதிர்ப்பக்கம் போயின. இரண்டு கையால் பிடித்தால் பலத்துக்கான கூடுதலில் ஒன்றரை மடங்கு. மறுகை ஆயுதத்துக்கு அதில் பாதி. பலம் +4 என்றால் இரட்டைக் கைக்கு +6, மறுகைக்கு +2. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. திருத்தப் பதிப்பில் பவர் அட்டாக் என்ற ஃபீட் (தனித் திறமை) எடுத்தால், குறிக்கு உருட்டும் எண்ணில் எவ்வளவு குறைத்துக்கொள்கிறீர்களோ அதைப் போல இரண்டு மடங்கு டேமேஜில் ஏறும், ஆனால் இரட்டைக் கைக்கு மட்டும். அதோடு கேடயத்தின் கதை முடிந்தது. இரண்டு ஆயுதம் வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டுமென்றால் பயிற்சி இல்லாதவருக்கு முதல் கைக்கு -6, மறு கைக்கு -10. ஃபீட் எடுத்து, மறுகையில் லேசான ஆயுதமும் வைத்தால் இரண்டுக்கும் -2. எங்கள் மாணவி இதைப் பார்த்ததும் கண் மின்ன, கடை பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பட்டியல் போட ஆரம்பித்தார். மற்ற மூன்று பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மூன்று பேர் எழுந்து போகிற விதி எவ்வளவு நுட்பமாக இருந்து என்ன?

உண்மையான போட்டி மூன்றுக்கு நடுவில்: 2014இன் ஐந்தாம் பதிப்பு, அதன் 2024 திருத்தம், 2019இல் வந்த, பாத்ஃபைண்டர் என்ற இதே வகை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு.

முதலில் 2014. இதில் லாங்ஸ்வார்டு (நீள வாள்) டி8. அதையே இரண்டு கையால் பிடித்தால் டி10. கிரேட்ஸ்வார்டு 2டி6 (இரண்டு ஆறுமுகப் பகடை), கண்டிப்பாக இரண்டு கை. கேடயம் பிடித்தால் ஆர்மர் கிளாஸில், அதாவது உங்களை அடிக்க எதிரி உருட்ட வேண்டிய எண்ணில், +2. இந்த ஆர்மர் கிளாஸைச் சுருக்கி ஏ.சி. என்போம். மே மாதம் வண்ணாரப்பேட்டை மாடியில் உட்கார்ந்து "உனக்கு ஏ.சி. எவ்வளவு?" என்று கேட்டால் வரும் பதில்களை இங்கே எழுத முடியாது.

ஃபைட்டருக்கு முதல் லெவலிலேயே ஒரு சண்டைப் பாணி உண்டு. ஒற்றைக் கை வாள்காரர் டூயலிங் எடுத்தால் ஒவ்வொரு அடிக்கும் +2. கேடயம் இருந்தாலும் இது செல்லும். இரட்டைக் கைக்காரர் தன் பாணியை எடுத்தால் டேமேஜ் பகடையில் 1, 2 விழும்போது ஒரு முறை மறுபடி உருட்டலாம். பலம் +3 என்று வைத்துக்கொள்ளுங்கள். லாங்ஸ்வார்டின் சராசரி அடி 4.5ம் 3ம் 2ம் சேர்த்து 9.5. கிரேட்ஸ்வார்டு மறு உருட்டலோடு 8.33, அதோடு 3, ஆக 11.33. வித்தியாசம் இரண்டுகூட இல்லை.

இதைப் புத்தகத்தில் வரும் ஓர்க் என்ற அரக்கன் மேல் வைத்துப் பார்த்தோம். ஏ.சி. 13, உயிர்ப்புள்ளி 15. அடி விழும் வாய்ப்பு இருவருக்கும் 65 சதவீதம். லாங்ஸ்வார்டின் ஒரு அடி, கிரிட்டிக்கல் (பகடை இரட்டிப்பாகும் அதிர்ஷ்ட அடி) விழுந்தால் ஒழிய, 13க்கு மேல் போகாது. ஓர்க் ஒரே அடியில் சாகாது. கிரேட்ஸ்வார்டு? இரண்டு பகடையும் ஆறாக விழுந்தால்தான் 15. அதாவது ஏறக்குறைய எப்போதுமே இவருக்கும் இரண்டு அடி, அவருக்கும் இரண்டு அடி. கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு 7 புள்ளிதான். அது இருவர் கையிலும் பெரும்பாலும் ஒரே அடியில் போய்விடும். எங்கள் அண்ணன் ஆறு மாதமாக "என் வாளு வெயிட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தது இந்த இரண்டு எதிரியிடமும் வேலைக்கே ஆகவில்லை. கணக்கைக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சத்தம் வேற மாதிரி இருக்கும்ல" என்றார். அதுவும் ஒரு நியாயம்தான். ஒரு பகடை விழும் சத்தமும் இரண்டு விழும் சத்தமும் ஒன்றல்ல.

இப்போது கேடயத்தின் பக்கம். ஏ.சி. 16 இருப்பவரை அந்த ஓர்க் பாதித் தடவை அடித்துவிடும். கேடயத்தோடு 18 ஆனால் 40 சதவீதம். அதன் சராசரி அடி 9. ஆக கேடயம் ஒரு சுற்றுக்கு, ஒரு ஓர்க்குக்கு 0.9 புள்ளியை மிச்சம் பிடிக்கிறது. கிரேட்ஸ்வார்டு தரும் கூடுதல் சுற்றுக்கு ஏறக்குறைய 1.2. ஒரே ஓர்க் உங்களை அடிக்கிறதென்றால் பெரிய வாளுக்கு லேசான லாபம். மூன்று ஓர்க் சூழ்ந்துவிட்டால் கேடயம் 2.7 காப்பாற்றுகிறது, பெரிய வாள் அதே 1.2தான். எனவே பெரிய வாளா கேடயமா என்று என்னிடம் கேட்டால், எத்தனை பேர் உன்னை அடிக்கிறார்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். சந்து வாசலில் தனியாக நின்று மறிப்பவர் கேடயம் எடுக்கட்டும். பின்னால் ஆள் பலத்தோடு பாய்பவர் பெரிய வாள் எடுக்கட்டும்.

ஒண்டிக்கு ஒண்டி ஓகர் என்ற பெரிய அரக்கனோடு நின்றால் என்ன ஆகும் என்று மாணவி தனியாகப் போட்டுப் பார்த்தார். ஏ.சி. 11, புள்ளி 59, குறிக்கு +6, சராசரி அடி 13. லாங்ஸ்வார்டுக்காரர் அதை வீழ்த்த எட்டேகால் சுற்று எடுக்கிறார். அதற்குள் வாங்கும் அடி சுமார் 48. கிரேட்ஸ்வார்டுக்காரர் ஏழு சுற்றில் முடிக்கிறார். வாங்குவது கிட்டத்தட்ட 50. (கிரிட்டிக்கலை இதில் சேர்க்கவில்லை. முதல் லெவல் ஆள் எவரும் 48 தாங்கமாட்டார் என்பதும் தெரியும். அடக்கம் செய்ய ஆள் வைத்துக்கொண்டுதான் ஓகரிடம் போக வேண்டும்.) இவ்வளவு நெருக்கமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. முதல் லெவலில் 2014 விதி தராசுத் தட்டு மாதிரி நிற்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. ஐரோப்பாவில் உலோகத் தகட்டுக் கவசம் நன்றாக வந்த பிறகு வீரர்கள் கேடயத்தைக் கைவிட்டார்கள். உடம்பே கேடயமாகிவிட்டதால் இரண்டு கையும் பெரிய ஆயுதத்துக்குப் போயின. விளையாட்டின் கணக்கு அதற்கு நேர் எதிர். ஏ.சி. 16இல் கேடயம் ஓர்க்கின் அடியில் ஐந்தில் ஒரு பங்கைத் தடுக்கிறது. தகட்டுக் கவசத்தோடு 18இல் இருப்பவர் கேடயமும் எடுத்து 20 ஆனால் தடுப்பது நாலில் ஒரு பங்கு. கவசம் கூடக் கூட கேடயத்துக்கு மதிப்பு ஏறுகிறது. சரித்திரம் தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம்.

2014இன் கோளாறு நாலாம் லெவலில் வருகிறது. கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட்: கனமான ஆயுதத்தோடு குறியில் 5 குறைத்துக்கொண்டால் டேமேஜில் 10 கூடும். ஏ.சி. 16 உள்ள எதிரியிடம் இதில் லாபமே இல்லை, கொஞ்சம் நஷ்டம்கூட. ஆனால் கூட்டாளி எதிரியைக் கீழே தள்ளி, அட்வான்டேஜ் (குறிக்கு இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுப்பது) வாங்கிக் கொடுத்தால் ஓர்க் மேல் சுற்றுக்குச் சராசரி 13.7. அதே லெவலில் ஃபீட்டுக்குப் பதிலாகப் பலத்தை ஏற்றிக்கொண்ட லாங்ஸ்வார்டுக்காரர் அதே அட்வான்டேஜோடு 9.6தான். அதற்கு ஈடாக ஒற்றைக் கை வாளுக்கு அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. தராசுத் தட்டில் யாரோ கட்டை விரலை வைத்த மாதிரி.

இரட்டை ஆயுதக்காரர் நிலைமை இன்னும் பாவம். இரண்டாவது அடிக்கு, முறைக்கு ஒன்றே கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் போய்விடும், அந்த அடியில் பலமோ சுறுசுறுப்போ சேராது. எங்கள் தம்பி ரோக். ரோக்குக்கு இரண்டாம் லெவலிலிருந்து ஒளிவதற்கும் நழுவுவதற்கும் அதே போனஸ் ஆக்‌ஷன்தான் வேண்டும். ஒரு பையில் இருக்கும் ஒரே பத்து ரூபாய்க்கு பஸ்ஸா பஜ்ஜியா என்று நிற்பது போல ஒவ்வொரு சுற்றிலும் நின்றுகொண்டிருப்பான்.

2024 திருத்தம் இந்த இரண்டையும் சரிசெய்யப் பார்த்திருக்கிறது. கிரேட் வெப்பன் மாஸ்டரில் -5, +10 போய்விட்டது. தன் முறையில் கனமான ஆயுதத்தால் தாக்கும்போது தேர்ச்சிக் கூடுதல் (லெவலோடு ஏறும் ஒரு எண்) மட்டும் டேமேஜில் சேரும், நாலாம் லெவலில் அது +2. ஆயுதங்களுக்குத் தனித்தனிக் குணம் வந்திருக்கிறது. கிரேட்ஸ்வார்டின் குணம் கிரேஸ்: குறி தவறினாலும் பலத்தின் கூடுதல் அளவுக்கு டேமேஜ். லாங்ஸ்வார்டின் குணம் சாப்: அடிபட்டவன் அடுத்து அடிக்கும்போது டிஸ்அட்வான்டேஜ், இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுக்க வேண்டும். வளைவாளும் பிச்சுவாவும் நிக் என்ற குணத்தால் இரண்டாவது அடியைத் தாக்கும் ஆக்‌ஷனுக்குள்ளேயே முடித்துவிடும். தம்பிக்கு போனஸ் ஆக்‌ஷன் மிச்சம்.

எனக்கு சாப் பிடித்திருக்கிறது. ஒற்றைக் கை வாளுக்கு முதல்முறையாக ஒரு தனி வேலை கிடைத்திருக்கிறது: எதிரியின் கையைத் தடுமாற வைப்பது. கேடயம் தன்னைக் காக்கும். சாப் பக்கத்தில் நிற்பவரையும் காக்கும். நர்ஸ் அக்கா இதைப் படித்ததும் மேஸை வைத்துவிட்டு ஆயுதப் பயிற்சிக்கே போகலாமா என்று யோசித்தார், ஏனென்றால் கிளெரிக்குக்கு இந்தக் குணங்கள் சும்மா கிடைப்பதில்லை. கிரேஸ் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தவறினாலும் அடி விழுமென்றால் பகடை உருட்டும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது எதற்கு? இன்னொரு சங்கடம், மேசையில் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியவை கூடிவிடுகின்றன. யார் யாருக்கு டிஸ்அட்வான்டேஜ் கொடுத்தார்கள் என்பதை எண்ணிக்கொண்டே நான் ஓர்க்கின் முறையை மறந்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

பாத்ஃபைண்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போக வேண்டும்.

அந்த விதியில் ஒரு முறைக்கு மூன்று ஆக்‌ஷன். கேடயம் கையில் மாட்டியிருந்தால் போதாது. அதை உயர்த்த ஒரு ஆக்‌ஷன் செலவழித்தால்தான் அடுத்த முறை வரைக்கும் +2. "கேடயம் கைலதானே இருக்கு, அதுக்கு எதுக்கு தனியா காசு?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. தம்பி, "மேல வாங்க, பார்க்கலாம்" என்றான்.

ஐந்தாம் பதிப்பில் கேடயத்தின் எடை 6 பவுண்டு, அதாவது 2.7 கிலோ. மாமா கடையில் பிரியாணி தேக்சா மூடிகளை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, அந்த எடைக்குப் பக்கத்தில் வருவதை எடுத்தோம். உள்பக்கம் பழைய பையின் வாரைக் கட்டினோம். எனக்கு அந்த மூடியும் ஒரு குட்டைக் குச்சியும். தம்பிக்கு அவனுடைய சிலம்பக் கம்பு, நெற்றி உயரம். கம்பு நுனியில் ஈரச் சுண்ணாம்பு தடவினான், பட்ட இடம் தெரிவதற்கு. வேகம் பாதிதான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

முதல் நிமிஷம் நான் ராஜா. மூடியை முன்னால் பிடித்தபடி நின்றேன், கம்பு டங் டங்கென்று மூடியில்தான் பட்டது. பக்கத்து மாடியில் துணி காயவைத்துக்கொண்டிருந்த பாட்டி திரும்பிப் பார்த்தார். இரண்டாவது நிமிஷம் தோள்பட்டை எரிய ஆரம்பித்தது. மூடி மெல்ல இறங்குகிறது, எனக்கே தெரியவில்லை. தம்பி அதற்காகத்தான் காத்திருந்தான். மூடிக்கு மேலே ஒரு கோடு தோளில், கீழே ஒரு கோடு முழங்காலில். நான் குச்சியால் எட்டிப் போட நினைக்கும்போதெல்லாம் கேடயக் கை தானாக விலகியது. இரண்டு வேலையையும் ஒரே நேரத்தில் செய்ய உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. கீழே வந்தபோது என் சட்டை கோலம் போட்ட வாசல் மாதிரி இருந்தது. கேடயத்தை உயர்த்துவதற்குத் தனி ஆக்‌ஷன் வேண்டும் என்பதை அதன்பிறகு யாரும் எதிர்த்துப் பேசவில்லை.

அந்த விதிக்குள் இது பெரிய செலவும் இல்லை. ஒரே முறையில் இரண்டாவது அடிக்கு -5, மூன்றாவதுக்கு -10 என்று குறைந்துகொண்டே போகும். -10இல் மூன்றாவது அடி அடிப்பது கிணற்றில் கல் போடுவது. அந்த ஆக்‌ஷனைக் கேடயத்துக்குக் கொடுத்துவிடலாம். உயர்த்திய கேடயத்தால் ஒரு அடியைத் தாங்கவும் செய்யலாம்: எஃகுக் கேடயம் முதல் 5 புள்ளியை விழுங்கும், மீதி முழுக்க உங்களுக்கும் விழும், கேடயத்துக்கும் விழும். கேடயத்துக்கு 20 புள்ளி; 10க்கு இறங்கினால் உடைந்த கணக்கு. உடைகிற கேடயம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆட்டக்காரர்கள் தங்கள் கேடயத்துக்குப் பெயர் வைப்பார்கள், கொல்லரிடம் கொண்டுபோய்க் கெஞ்சுவார்கள்.

காலிக் கைக்கும் அங்கே மதிப்பு உண்டு. எதிரியைப் பிடிக்க, காலைத் தட்டிவிட ஒரு கை சும்மா இருக்க வேண்டும். ஒரு கையில் வாள், மறு கை வெறுமை என்று நிற்கும் ஃபைட்டருக்கென்றே ஃபீட்டுகள் இருக்கின்றன. ஐந்தாம் பதிப்பிலும் மல்லுக்கட்டிப் பிடிக்க ஒரு கை வேண்டும்தான், ஆனால் அதை நம்பி யாரும் ஒரு கையைக் காலியாக வைத்துக்கொண்டு வருவதில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு நாங்கள் ஏன் பாத்ஃபைண்டரை எடுக்கவில்லை? தம்பியால்தான். அதில் பாஸ்டர்ட் ஸ்வார்டு என்ற வாள் ஒரு கையில் டி8, இரு கையில் டி12. இரண்டாவது கையை எடுப்பது இலவசம். திரும்ப வைப்பதற்கு ஒரு ஆக்‌ஷன். தம்பிக்கு இதைக் கேட்டதும் கோபமே வந்துவிட்டது. "கை மாத்துறதுக்கு ஒரு ஆக்‌ஷனா?" என்றவன், அந்த அறைக்குள்ளேயே கம்பை எடுத்துச் சுற்றிக் காட்டினான். வலது கையில் சுற்றிக்கொண்டிருக்கும் கம்பு முதுகுக்குப் பின்னால் இடது கைக்குப் போனது, அடிக்க இறங்கும்போது இரண்டு கையும் அதில் இருந்தது, மறுபடி ஒற்றைக் கை. எப்போது மாறியது என்று என்னால் சொல்லவே முடியவில்லை. சிலம்பத்தில் கை மாறுவதுதான் வித்தையே; அதற்குக் காசு வாங்குகிற விதியை அவன் ஏற்கமாட்டான். ஐந்தாம் பதிப்பில் லாங்ஸ்வார்டையோ கம்பையோ நொடிக்கு நொடி ஒற்றைக் கை, இரட்டைக் கை என்று மாற்றினால் கேள்வி கிடையாது. கிரேட்ஸ்வார்டுக்கும் அடிக்கும் கணத்தில்தான் இரண்டு கை வேண்டும். மற்ற நேரத்தில் ஒரு கையில் தொங்கவிடலாம்.

கேடய விதியை மட்டும் பாத்ஃபைண்டரிலிருந்து வெட்டி இங்கே ஒட்டலாமா என்றும் பார்த்தோம். சரிவராது. அங்கே மூன்று ஆக்‌ஷனில் ஒன்று போகிறது. இங்கே இருப்பதே ஒரு ஆக்‌ஷன். அதையும் கேடயத்துக்குக் கொடுத்துவிட்டால் அக்கா சண்டை முழுக்க மூடி பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியதுதான்.

ஆக முடிவு இது. 2014 புத்தகமே தொடரும். எல்லோரும் சேர்ந்து காசு போட்டு வாங்கியது, முனை மடிந்தாலும் எங்களுடையது. கிரேட் வெப்பன் மாஸ்டர் மட்டும் 2024இன்படி. ஃபைட்டருக்கு சாப் குணத்தையும் தம்பிக்கு நிக் குணத்தையும் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம். தம்பிக்காக ஒரு குட்டை வாள் வளைவாளாக மாறும். கிரேஸ் வேண்டாம். அண்ணன் இதற்கு ஒத்துக்கொண்டது எனக்கே ஆச்சரியம்.

அதைவிட முக்கியமானது கேரம் காய். வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு எது? ஆளுக்கு இரண்டு காய், ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளை. கருப்பு வலது கை, வெள்ளை இடது கை. கேரக்டர் ஷீட்டுக்குப் பக்கத்தில் ஆயுதம், கேடயம், கோல், பந்தம், கயிறு எல்லாம் சீட்டில் எழுதி வைக்கப்படும். காய் எந்தச் சீட்டின் மேல் இருக்கிறதோ அதுதான் கையில். காய் இல்லாத சீட்டு இடுப்பிலோ பையிலோ இருக்கிறது. வாளை உருவுவது போன்ற ஒரு காரியம் முறைக்கு ஒரு தடவை இலவசம். கேடயத்தை மாட்டவோ கழற்றவோ முழு ஆக்‌ஷன். கீழே போடுவது எப்போதும் இலவசம். இதெல்லாம் ஏற்கெனவே இருக்கும் விதிதான். காய் இல்லாததால் யாரும் கவனித்ததில்லை.

ஒரு நாள் சோதனை ஆட்டம் ஆடினோம். முதலில் மாட்டியது அக்கா. காயத்தை ஆற்றும் மந்திரத்துக்கு முத்திரை பிடிக்க ஒரு கை காலியாக வேண்டும். கேடயத்தில் பதித்த சாமி சின்னம், பொருள் தேவைப்படும் மந்திரத்துக்குத்தான் உதவும், இதற்கு உதவாது. மேஸை இடுப்பில் செருகினால்தான் அண்ணனைக் காப்பாற்ற முடியும். அக்காவுக்கு இது உடனே பிடிபட்டது. "எங்க வார்டுலயும் இதே கததான்பா. கிளவுஸ் போட்ட கையால ஃபோன எடுக்க முடியாது" என்று சொல்லி, காயை நகர்த்தினார். எத்தனையோ வாரமாக நடக்காத ஒன்று அன்று நடந்தது: தன் முறை வராதபோதும் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாருடைய வெள்ளைக் காய் எங்கே இருக்கிறது என்று.

மாணவி கோலை முதுகில் மாட்டிக்கொண்டு, மந்திரப் பொருட்களை இடுப்புப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு காய் எப்போதும் காலியாகவே நிற்கும். அது பந்தத்துக்குத்தான் என்று மற்ற மூன்று பேரும் நினைத்தார்கள். "கவச மந்திரம் போட அந்தக் கைதான். நான் பந்தம் புடிக்க வரல" என்று சொல்லிவிட்டார். இன்னொரு கை என்ன ஆயிற்று என்று அண்ணன் கேட்டதற்கு, அதில் வரைபடம் இருக்கிறதாம்.

கடைசியில் அண்ணனே வழிக்கு வந்தார். கிரேட்ஸ்வார்டை விற்றுவிட்டு லாங்ஸ்வார்டு வாங்கியிருக்கிறார். ஐம்பது பொன்னுக்கு வாங்கியது பாதி விலைக்குப் போனது, புது வாளுக்குப் பதினைந்து. கருப்புக் காய் வாளில், வெள்ளைக் காய் பந்தத்தில். சண்டை வந்தால் பந்தத்தைக் கீழே போட்டுவிடுவாராம், போடுவது இலவசம்தானே. அது தரையில் எரிந்துகொண்டிருக்கும், இவர் இரண்டு கையாலும் வாளைப் பிடித்து டி10 போடுவார். "எப்டி?" என்று என்னைப் பார்த்தார். நல்ல திட்டம் என்று சொன்னேன்.

குகைக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்பதை அடுத்த ஞாயிறுதான் சொல்லப்போகிறேன்.